பின்பாட்டுப் பெண்கள் – 9: நாலு குரல், மூன்று முகம்

(சென்ற வாரம்: ஆடி வெள்ளிக்குப் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் குழாய் ஒலிபெருக்கிகளில் முழங்குகிற எல்.ஆர்.ஈஸ்வரியின் குரல், ஒரு காலத்தில் சினிமா கோரஸில் பத்தோடு பதினொன்றாக நின்ற குரல் என்று பார்த்தோம். 1961-ல் ‘பாசமலர்’ படத்தின் கல்யாணப் பாட்டு அவரைக் கூட்டத்திலிருந்து முன்னே கொண்டுவந்து நிறுத்தியது. அதே 1961-ல், கடல்களுக்கு அப்பால் நாலு பெண்கள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள்...)

1962 டிசம்பர் 9. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் மோட்டவுன் கம்பெனி ஓர் எல்.பி. இசைத்தட்டை வெளியிட்டது. பெயர் ‘மீட் தி சுப்ரீம்ஸ்’. உறையில் மூன்று இளம்பெண்கள். மூவரும் கறுப்பினத்தவர், மூவருக்கும் இருபது வயது நிறையவில்லை. ஃப்ளாரன்ஸ் பல்லார்ட், மேரி வில்சன், டயானா ராஸ்.

தட்டைச் சுழலவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டால், பல பாட்டுகளில் மூன்று குரல் இல்லை, நாலு குரல் கேட்கிறது. மூன்று பேர் சேர்ந்தால் வராத ஓர் அடர்த்தி அந்தப் பின்பாட்டில் இருக்கிறது. ‘செவன்டீன்’ என்ற பாட்டில் அந்த நாலாவது குரல் கொஞ்ச நேரம் முன்னுக்கே வந்து தனியாக ஒலித்துவிட்டுப் போகிறது. உறையில் அந்தப் பெண்ணின் முகம் இல்லை.

யார் அவர்? பாடியவரின் படம் ஏன் இல்லை? இதற்குப் பதில் தேட, அந்தத் தட்டு வந்த நாளிலிருந்து மூன்று வருஷம் பின்னால் போகவேண்டும்.

அண்ணன் குழுவும் தங்கை குழுவும்

டெட்ராய்ட் என்றால் கார். ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் மூன்றும் அந்த வட்டாரத்தில் வளர்ந்தவைதான். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதி முழுக்க, தென் மாநிலங்களின் பருத்திக் காடுகளையும் நிறவெறிச் சட்டங்களையும் விட்டு, லட்சக்கணக்கான கறுப்பினக் குடும்பங்கள் வடக்கே இருந்த ஆலை நகரங்களுக்குக் குடிபெயர்ந்தன. மேரி பிறந்ததே மிசிசிப்பி மாநிலத்தில். டயானாவின் தாய்வழி ஊர் அலபாமாவில். ஃப்ளாரன்ஸின் பெற்றோரும் தெற்கிலிருந்து வந்தவர்கள். அந்த வீட்டில் பிள்ளைகள் பதின்மூன்று பேர்.

மூன்று குடும்பங்களும் வந்துசேர்ந்த இடம் ப்ரூஸ்டர்-டக்ளஸ் என்ற அரசுக் குடியிருப்பு. நம்மூர் ஹவுசிங் போர்டு மாதிரி. அந்தத் தலைமுறைப் பிள்ளைகளுக்கு இரண்டு இசைப் பள்ளிகள். ஒன்று ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில், இன்னொன்று தெருமுனை. கோயிலில் கற்ற உருக்கத்தைத் தெருவில் காதல் பாட்டுக்கு மாற்றினால் கிடைப்பதுதான் பிறகு ‘சோல்’ என்று பெயர் பெற்ற இசை.

அதன் கட்டுமானம் நமக்குப் புதிதில்லை. படவேட்டில் ஆடி மாதம் கும்மியடிக்கிற பெண்களைக் கவனியுங்கள். ஒருத்தி அடி எடுத்துக் கொடுப்பாள், சுற்றி நிற்பவர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள், கைத்தட்டல் தாளம் பிடிக்கும். அடி எடுத்தவள் மூச்சு வாங்கும் இடத்தைப் பின்பாட்டு நிரப்பும். அவள் தடுமாறினால் தாங்கும், ஏறினால் கூடவே ஏறும். டெட்ராய்ட் மாதா கோயில்களிலும் பாட்டு இப்படித்தான் நடந்தது: முன்னே ஒரு குரல், பதிலுக்கு ஒரு கூட்டம், இரண்டுக்கும் நடுவில் கை. அடியெடுக்கும் குரல் தனியாக நின்றால் அது பாதிப் பாட்டுதான். இந்தத் தொடர் முழுக்க நான் சொல்லிவருவதும் அதுதான்.

1959-ல் மில்டன் ஜென்கின்ஸ் என்ற மேனேஜரிடம் ‘ப்ரைம்ஸ்’ என்ற ஆண்கள் குழு இருந்தது. அதற்குத் தங்கைக் குழு ஒன்று வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. முதலில் கிடைத்தவர் ஃப்ளாரன்ஸ். கனத்த, கோயில் மணி போன்ற சாரீரம். அவர் தன் தோழி மேரியை இழுத்துவந்தார். ப்ரைம்ஸ் குழுவின் பால் வில்லியம்ஸ், அதே குடியிருப்பில் இருந்த டயானாவைக் கூட்டிவந்தார். வீட்டில் அவரை டயான் என்று கூப்பிடுவார்கள். நாலாவதாகச் சேர்ந்தவர் பெட்டி மெக்ளோன். குழுவுக்குப் பெயர் ‘ப்ரைமெட்ஸ்’.

நால்வரும் பள்ளிக்கூடப் பெண்கள். நடன விருந்துகளில் பாடினார்கள். ஒரே பாட்டை இன்று ஒருத்தி முன்னின்று பாடினால் நாளை இன்னொருத்தி பாடுவாள். யார் தலைவி என்ற கேள்வி அப்போது எழவே இல்லை. 1960 ஜூலையில் எல்லை தாண்டி கனடாவின் வின்ட்சர் நகரத்தில் நடந்த போட்டியில் ஜெயித்தார்கள். இனி நேரே இசைத்தட்டுக் கம்பெனிதான் என்று கனவு கண்டிருந்த நேரத்தில், ஃப்ளாரன்ஸ் திடீரென்று கண்ணில் படாமல் போனார்.

மூடிய கதவு

வாரக்கணக்கில் அவர் ஒத்திகைக்கு வரவில்லை. தோழிகள் வீட்டுக்குப் போனாலும் சரியான பதில் இல்லை. பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஒரு நடன நிகழ்ச்சி முடிந்து திரும்பிய இரவில், தெரிந்த ஒருவனே காரில் ஏற்றிக்கொண்டுபோய்க் கத்தியைக் காட்டி அவருடைய மானத்தைச் சூறையாடியிருந்தான். ஃப்ளாரன்ஸுக்கு அப்போது பதினேழு வயது. முன்பு வாய் ஓயாமல் சிரித்துப் பேசிய பெண், அந்த இரவுக்குப் பிறகு மனிதர்களைச் சந்தேகத்தோடு பார்க்கப் பழகினார் என்று மேரி பின்னாளில் தன் சுயசரிதையில் எழுதினார்.

ஆனாலும் ஃப்ளாரன்ஸ் திரும்பி வந்தார், பாடினார். இந்த வரலாற்றில் நான் தலைவணங்குகிற முதல் இடம் இதுதான். புகழ் வந்த பிறகு மேடையேறுவது பெரிய விஷயமில்லை. உடைந்த மனத்தோடு, நாளை என்ன ஆகும் என்று தெரியாமல், மறுபடியும் தோழிகளோடு சுருதி சேர்ந்து நிற்பதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும்.

இதற்கிடையில் அவர்கள் இன்னொரு கதவையும் தட்டிப் பார்த்திருந்தார்கள். வெஸ்ட் கிராண்ட் புலவார்டு, 2648-ஆம் எண் வீடு. பெர்ரி கோர்டி என்பவர் 1959-ல் வாங்கிய வீடு அது. அதற்கு முன் கார் கம்பெனியின் அசெம்பிளி லைனில் வேலை பார்த்தவர். குடும்பச் சேமிப்பிலிருந்து 800 டாலர் கடன் வாங்கி, பிறகு மோட்டவுன் என்று ஆன இசைத்தட்டுத் தொழிலைத் தொடங்கியவர். வாசலில் ‘ஹிட்ஸ்வில்’ என்று பெயர்ப் பலகை மாட்டியிருந்தார். ஹிட் பாட்டுகளின் ஊர் என்று சொல்வதுபோல.

டயானாவுக்குப் பழைய அண்டைவீட்டுக்காரரான ஸ்மோக்கி ராபின்சன் அங்கே பாடகர், பாடலாசிரியர். அவர் மூலம் பெண்கள் பாடிக் காட்டினார்கள். அவர்களோடு வந்த கிட்டார் வாசிப்பாளர் மார்வ் டார்ப்ளினை ராபின்சன் தன் குழுவுக்கு எடுத்துக்கொண்டார். பெண்களிடம் கோர்டி சொன்னது இதுதான்: பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு வாருங்கள்.

கிட்டார்க்காரர் போனார், வாய்ப்பும் போனது. சிறிய கம்பெனி ஒன்றில் ஒரு தட்டு போட்டார்கள், அது எங்கும் எடுபடவில்லை. பெட்டி, கல்யாணம் நிச்சயமானதால் குழுவை விட்டு விலகினார். குழு கலைந்திருக்க வேண்டிய நேரம் அது.

கை தட்டிக் கிடைத்த இடம்

பெட்டியின் இடத்துக்கு வந்தவர் பார்பரா மார்ட்டின். நாம் தேடிவந்த நாலாவது குரல் இவருடையதுதான்.

நால்வரும் ஒரு முடிவெடுத்தார்கள். கோர்டி கூப்பிடாவிட்டால் என்ன, நாம் போவோம். பள்ளி விட்டதும் யாராவது காரில் இடம் கொடுத்தால் ஏறிக்கொண்டு ஹிட்ஸ்வில் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிடுவார்கள். தினமும். வருகிறவர் போகிறவர் எல்லோரும் பார்க்கிற இடத்தில்.

அந்த வீட்டைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம். முன்பு ஒரு புகைப்படக்காரரின் ஸ்டூடியோவாக இருந்த கட்டடம். பின்பக்க அறைதான் ‘ஸ்டூடியோ ஏ’. மேலிருந்து மைக் வயர்கள் தொங்கிக்கொண்டிருக்கும். அதனால் வாத்தியக்காரர்கள் அதைப் பாம்புக்குழி என்றார்கள். எதிரொலி வேண்டுமென்றால் தனிக் கருவி கிடையாது. மேலே பரணையே எதிரொலி அறையாக்கியிருந்தார்கள். சிறிய இடம், ராப்பகலாக வேலை. ஆள் எப்போதும் பற்றாக்குறை.

அந்தப் பற்றாக்குறைதான் பெண்களுக்கு வழிவிட்டது. ஒரு பதிவுக்குக் கைத்தட்டல் வேண்டும். வாசலில் நாலு பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கூப்பிடு! இன்னொரு பாடகருக்குப் பின்பாட்டு வேண்டும். கூப்பிடு! தங்கள் பெயர் அச்சாகாத தட்டுகளில் அவர்கள் கை தட்டினார்கள், ‘ஊ’ என்றும் ‘ஆ’ என்றும் இழைத்தார்கள். நம் வானொலியில் பாடியவர் பெயரைச் சொல்லி, ‘மற்றும் குழுவினர்’ என்று முடிப்பார்களே, அந்தக் குழுவினர் இவர்கள். கும்மி வட்டத்தில் கற்றுக்கொள்கிற அதே பாடத்தை அவர்கள் ஸ்டூடியோவில் கற்றார்கள்: எங்கே மூச்சு விடுவது, எங்கே அடங்குவது, எங்கே தாங்குவது.

கடைசியில் கோர்டி இறங்கிவந்தார். ஆனால் ஒரு நிபந்தனை: ப்ரைமெட்ஸ் என்ற பெயர் வேண்டாம். சில பெயர்கள் எழுதிய பட்டியல் வந்தது. அதில் ஃப்ளாரன்ஸ் தேர்ந்தெடுத்தது ‘சுப்ரீம்ஸ்’. மற்றவர்களுக்கு அது பிடிக்கவில்லை, ஆண்கள் குழுவின் பெயர் மாதிரி இருக்கிறது என்றார்கள். ஃப்ளாரன்ஸ் சொன்னதே நிலைத்தது. 1961 ஜனவரி 15-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பெயர் வைத்தவர் யார் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வரும் வாரங்களில் அது வலிக்கப்போகிறது.

தோல்விமேல் தோல்வி

1961 மார்ச்சில் முதல் சிங்கிள், ‘ஐ வான்ட் எ கை’. முன்னே டயானா. தட்டு விற்கவில்லை.

ஜூலையில் இரண்டாவது, ‘பட்டர்டு பாப்கார்ன்’. முன்னே ஃப்ளாரன்ஸ். கேட்டுப் பாருங்கள், கூச்சமே இல்லாத, வயிற்றிலிருந்து எழும்புகிற குரல். தாளத்தை அவர் துரத்துவதில்லை, தாளம் அவர் பின்னால் வருகிறது. இதுவும் விற்கவில்லை. சுப்ரீம்ஸ் சிங்கிள்களின் முன்பக்கத்தில் ஃப்ளாரன்ஸ் முன்னின்று பாடியது இந்த ஒன்றுதான்.

இவர்கள் காத்துக் கிடந்த அதே வீட்டுக்குள், இவர்களுக்குப் பின்னால் வந்த ‘மார்வலெட்ஸ்’ என்ற பள்ளிப் பெண்கள் குழு ஒரு தபால்காரரைப் பற்றிய பாட்டோடு நுழைந்தது. 1961 டிசம்பரில் அந்தப் பாட்டு அமெரிக்க ‘பில்போர்டு’ பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. மோட்டவுனுக்கு அந்தப் பட்டியலில் கிடைத்த முதல் முதலிடம் அது. பின்னால் வந்தவர்கள் முன்னால் போய்விட்டார்கள்.

1962 மே மாதம் மூன்றாவது சிங்கிள். தூர தேசத்தில் படையில் இருக்கும் காதலனுக்கு ஒரு பெண் சொல்லும் செய்தி. எழுதியவர் ஸ்மோக்கி ராபின்சன். முதல்முறையாக சுப்ரீம்ஸ் பெயர் தேசியப் பட்டியலில் ஏறியது. இடம்: 95. நவம்பரில் நாலாவது, கோர்டியே எழுதியது. இடம்: 90.

இந்தக் காலத்தில்தான் அந்த முகம் மறைந்தது. பார்பராவுக்குக் கல்யாணமாகி, பிள்ளைப்பேறும் வந்தது. 1962-ல் அவர் குழுவை விட்டு விலகினார். யாரும் துரத்தவில்லை, சண்டையும் இல்லை. இருபதுக்குள் ஒரு பெண்ணின் வாழ்க்கை இரண்டாகப் பிரியும் இடத்தில் அவர் வீட்டுப் பக்கம் திரும்பினார். மற்ற மூவரும் வேறொருவரைத் தேடவில்லை, மூவராகவே நின்றுவிட்டார்கள்.

ஆண்டுக் கடைசியில் ஆல்பம் தயாரானபோது, அதில் பெரும்பகுதி ஏற்கெனவே பதிவான பாட்டுகள். தட்டுக்குள் நாலு பேர், உறை மேல் மூன்று பேர். பார்பரா 2020 மார்ச்சில் காலமானார். அவர் குரல் அந்தத் தட்டில் இன்றும் அப்படியே இருக்கிறது.

பேருந்து

ஆல்பம் கடைக்கு வந்த நாட்களில் மூன்று பெண்களும் ஊரில் இல்லை. மோட்டவுன் தன் பாடகர்கள் எல்லோரையும் ஒரே பேருந்தில் ஏற்றி நாடு சுற்ற அனுப்பியிருந்தது. 1962-ன் இலையுதிர் காலம். மேரி வெல்ஸ், மார்வலெட்ஸ், ஸ்டீவி வொண்டர் என்ற பன்னிரண்டு வயதுப் பையன், எல்லோரும் அதில். ஹிட் பாட்டு இல்லாத சுப்ரீம்ஸ் நிகழ்ச்சியின் அடிவரிசையில்.

பேருந்து தெற்கே இறங்கியது. அவர்கள் பெற்றோர் விட்டுவந்த அதே தெற்கு. உணவகங்களில் உட்கார இடம் கிடையாது. கழிவறைக்கு அனுமதி இல்லை. அலபாமாவின் பர்மிங்ஹாமில் பேருந்தை நோக்கித் துப்பாக்கி வெடித்ததைப் பயணம் போனவர்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். அந்த நாட்களில் மேடையேறி, மெல்லிய காதல் பாட்டுகளைச் சிரித்த முகத்தோடு பாடிவிட்டு இறங்கிய பெண்களின் உறுதியை நினைத்துப் பாருங்கள்.

ஊர் திரும்பினால் ஆல்பம் எந்தப் பட்டியலிலும் இல்லை. அலுவலகத்தில் அவர்களுக்கு ஒரு பட்டப்பெயர் வந்துவிட்டது: ‘ஹிட் இல்லாத சுப்ரீம்ஸ்’. ஹிட் பாட்டுகளின் ஊரில் இதைவிடச் சுடும் சொல் வேறென்ன இருக்கிறது?

தோற்ற தட்டை ஏன் கேட்க வேண்டும்?

‘மீட் தி சுப்ரீம்ஸ்’ ஏன் எடுபடவில்லை என்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன. ஏறக்குறைய இரண்டு வருஷம் சிதறிச் சிதறிப் பதிவான பாட்டுகள் அவை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாணி. இவர்களுடைய நாதம் இதுதான் என்று கம்பெனிக்கே பிடிபடவில்லை. டயானாவை எட்டாத உயரத்தில் பாட வைத்துக் குரலை மெலிதாக்கியிருக்கிறார்கள்.

ஆனாலும் அந்தத் தட்டை நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். ஃப்ளாரன்ஸ் முன்னே வந்து பாடுகிற பாட்டு அதில் இருக்கிறது. ‘பேபி டோன்ட் கோ’வில் மேரி முன்னே வருகிறார். பார்பரா எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். ‘ஹூஸ் லவின் யூ’வில் டயானா தன் குரலின் எல்லையைத் தேடுகிறார். அதே பாட்டை ஏழு வருஷம் கழித்து ஒரு பதினொரு வயதுச் சிறுவன் பாடி உலகத்தையே உருக வைப்பான், மைக்கேல் ஜாக்சன். இங்கே அதைப் பாடுகிற பெண்ணுக்கும் வயது அதிகமில்லை. தவறு செய்ய இன்னும் இடம் இருக்கிறது. முன்னே நிற்கிறவர் மாறிக்கொண்டே இருக்கிறார், பின்னே நிற்கிறவர்கள் தாங்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

பிறகு வந்த வெற்றிகள் பெரியவை. அமெரிக்கப் பட்டியலில் பன்னிரண்டு முதலிடங்கள். ஆனால் அந்த வெற்றிகளில் இந்த மாறி நிற்றல் இல்லை. ஒரு குழுவாக அவர்கள் இருந்ததற்கு முழுச் சாட்சி தோற்றுப்போன முதல் தட்டுதான். வென்றவர்களின் வரலாற்றை வெற்றியிலிருந்து எழுதத் தொடங்கினால், அதற்கு முன்பு தோள் கொடுத்தவர்கள் காணாமல் போவார்கள். பார்பராவின் முகம் உறையில் காணாமல் போனது மாதிரி.

ஒரு பாட்டு, மூன்று தொண்டைகள்

1963 முழுக்கப் போராட்டம். ஒரு பாட்டு 75-ஆம் இடம் வரை வந்து நின்றது. ஹாலந்து-டோசியர்-ஹாலந்து என்ற மூவர் கூட்டணி எழுதிய இன்னொன்று ஆண்டுக் கடைசியில் வெளிவந்து 23 வரை ஏறியது. முதல்முறையாக அலுவலகத்தில் அந்தப் பட்டப்பெயர் கொஞ்சம் அடங்கியது.

1964-ன் வசந்தம். அதே கூட்டணி ஒரு புதுப் பாட்டைக் கொண்டுவந்தது. முதலில் அதை மார்வலெட்ஸுக்குத்தான் காட்டினார்கள். அவர்கள் கேட்டுவிட்டு வேண்டாம் என்றார்கள். பாட்டு சுப்ரீம்ஸ் கைக்கு வந்தது. அவர்களுக்கும் பிடிக்கவில்லை. இன்னொரு குழு தள்ளிய பாட்டு நமக்கு எதற்கு? இதில் என்ன இருக்கிறது? ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறதே!

சுருதியிலும் சிக்கல். மார்வலெட்ஸின் முன்னணிப் பாடகிக்கென்று கீழ்ஸ்தாயியில் கட்டப்பட்ட மெட்டு அது. இத்தனை நாள் உச்சத்தில் பாடிப் பழகிய டயானாவுக்கு அது பள்ளத்தில் கிடந்தது. மேரியின் மென்மையான குரலுக்கு இது பொருந்தும் என்று பாட்டைக் கட்டியவர்களுக்குள்ளேயே ஒரு பேச்சு எழுந்தது. குழுவுக்குப் பெயர் வைத்த ஃப்ளாரன்ஸ், மூவரில் கனத்த குரலுக்குச் சொந்தக்காரர், மைக்குக்கு ஒரு பக்கமாக நின்றுகொண்டிருந்தார்.

பாம்புக்குழிக்குள் வாத்தியக்காரர்கள் தயார். அந்த மூன்று நிமிடத்துக்கும் குறைவான பாட்டு அவர்களை உலகத்தின் உச்சியில் கொண்டுபோய் வைக்கப்போகிறது என்று அந்த அறையில் யாருக்கும் தெரியாது. முன்னே நிற்கப்போகிற ஒருவரைத் தவிர மற்ற இருவரும் இனி எப்போதும் பின்னால்தான் நிற்கவேண்டியிருக்கும் என்பதும் தெரியாது.

யார் முன்னே போவது? டயானாவா, மேரியா, ஃப்ளாரன்ஸா? அதை முடிவுசெய்தது யார், எதற்காக?

(தொடரும்)